செப்டிக் டேங்குக்குள் ஆள் இறங்கினால் வீட்டுக்காரருக்கு என்ன பொறுப்பு?

கேள்வி: வீடு கட்டி 14 வருடம் ஆகிறது. செப்டிக் டேங்கை ஒருமுறைகூடச் சுத்தம் செய்ததில்லை. இப்போது கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. லாரியை வரவழைத்தோம். மேலே இருந்த தண்ணீரை உறிஞ்சிவிட்டு, "அடியில் கசடு இறுகிக் கிடக்கிறது, ஆளை இறக்கினால்தான் முழுசாகச் சுத்தமாகும், 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுங்கள்" என்கிறார் லாரிக்காரர். இறங்குகிறவரும் சம்மதிக்கிறார். ஏதாவது நடந்தால் பொறுப்பு லாரிக்காரருடையதுதானே?

பதில்: உங்களுடையதும்தான். வேலையை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். டேங்கின் மூடியைப் போட்டு மூடிவிட்டு மற்றதைப் படியுங்கள்.

கையால் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடை விதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, செப்டிக் டேங்கையோ பாதாளச் சாக்கடையையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரும் ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது. 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்ற சொற்கள் அந்தப் பிரிவிலேயே இருக்கின்றன. லாரிக்காரரிடம் பேசி, அவர் தன் ஆளை இறக்கினாலும் அது மறைமுகமாக அமர்த்தியதாகக் கொள்ளப்படலாம். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம். போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் இது. உயிர் போனால்தான் வழக்கு என்றும் நினைக்க வேண்டாம். ஆளை அப்படி இறக்கியதே குற்றம்.

உயிர் போய்விட்டால் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாக பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவும் சேரும். அதில் 5 ஆண்டு வரை சிறை. இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்கு வரலாம். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் குழிகளில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாயும், நிரந்தர ஊனம் அடைந்தவருக்கு 20 லட்சம் ரூபாயும் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு முன் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி இறப்புக்கு 10 லட்சமாக இருந்தது.

"அவரே சம்மதித்தார்", "எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்" என்பதெல்லாம் நிற்காது. சட்டம் தடுத்த ஒரு வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் உங்களைக் காப்பாற்றாது. அன்றைய கூலி போய்விடுமே என்று தலையாட்டுகிறவரின் சம்மதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது மனசாட்சிக்கும் அடுக்காது. "முகமூடி கொடுத்துவிட்டால்?" என்றும் பலர் கேட்கிறார்கள். சட்டத்தின் கீழ் வந்த விதிகள் கேட்பது வாயில் கட்டும் துணியையும் ரப்பர் கையுறையையும் அல்ல. வெளியிலிருந்து காற்று வரும் குழாயுடன் கூடிய சுவாசக் கருவி, வாயு அளவி, உடல் முழுவதையும் மூடும் உடை, மேலிருந்து இழுத்துத் தூக்கும் பட்டையும் கயிறும், உடன் நிற்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தெருவில் வரும் லாரியில் இவை இருக்காது.

லாரிக்காரரும் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. தண்ணீரை உறிஞ்சிய பிறகு டேங்க் காலியாகத் தெரியும். ஆபத்து குறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் கூடுகிறது. வருடக்கணக்கில் காற்றில்லாமல் மக்கிய கசடுக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சிறைப்பட்டிருக்கும். காலை வைத்து மிதித்ததும், மண்வெட்டியால் கிளறியதும் அது ஒரே வீச்சில் வெளிவரும். காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியிலேயே தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை போய்விட்டது, இறங்கலாம்" என்று சொல்லும் அந்த நிமிடமே மிக மோசமான நிமிடமாக இருக்கக்கூடும். 700 பங்குக்கு மேல் போனால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. தீக்குச்சியோ விளக்கோ இறக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மீத்தேன் இருந்தால் வெடிக்கும். விளக்கு எரிகிறது என்பதற்காக விஷவாயு இல்லை என்றும் ஆகாது.

இனி உங்கள் டேங்க். அடிவரை வழித்தெடுத்தால்தான் சுத்தம் என்பது தவறான நம்பிக்கை. அடியில் ஓரிரு அங்குலக் கசடு தங்கியே ஆக வேண்டும். புதிதாக வரும் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. ஆகவே ஆள் இறங்க வேண்டிய தேவையே இல்லை.

இறுகிய கசடை மேலிருந்தே இளக்கலாம். மூடிகளைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி கூடாது, குழந்தைகளும் வரக் கூடாது. பிறகு டேங்கில் பாதி அளவுக்குத் தண்ணீர் விட்டு, முடிந்தால் ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் அழுத்தக் குழாயால் நீரைப் பீய்ச்சி, வெளியில் நின்றபடியே நீண்ட கழியால் கலக்கச் சொல்லுங்கள். குனிந்து முகத்தைத் திறப்புக்கு நேராக வைக்கக் கூடாது. சில லாரிகளில் உறிஞ்சிய கழிவையே அழுத்தத்துடன் திருப்பி டேங்குக்குள் விட்டுக் கலக்கும் வசதி உண்டு. இறுகிய கசடுக்கு அதுவே சிறந்தது. கலங்கியதும் உறிஞ்ச வேண்டும். தேவைப்பட்டால் இன்னொரு முறை. 6 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி நீர் ஆழம் உள்ள டேங்கில் ஏறத்தாழ 3,400 லிட்டர் இருக்கும். 14 வருடக் கசடு என்பதால் இரண்டு நடை லாரிக்குப் பணம் ஒதுக்குங்கள். ஆளை இறக்கக் கேட்ட 2,000 ரூபாயை அந்த இரண்டாவது நடைக்குக் கொடுக்கலாம். இரண்டு அறை உள்ள டேங்க் என்றால் இரண்டு மூடியையும் திறந்தே உறிஞ்ச வேண்டும். ஒன்றை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போவதால்தான் ஆறே மாதத்தில் மறுபடி அடைத்துக்கொள்கிறது. முடிந்ததும் டேங்கில் தண்ணீர் நிரப்பிவிடுங்கள். ஆசிட், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் எதையும் கொட்ட வேண்டாம்.

கழிப்பறையில் தண்ணீர் நிற்பதற்கு டேங்க் நிரம்பியதுதான் காரணம் என்றும் உறுதியில்லை. டேங்கிலிருந்து வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம், அந்த நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி மண் அடைந்து நீரை வாங்காமல் இருக்கலாம். டேங்கைக் காலி செய்த சில வாரத்தில் மறுபடி நின்றால் கொத்தனாரிடம் உறிஞ்சுகுழியைக் காட்டுங்கள்.

லாரியைத் தேர்ந்தெடுப்பதிலும் உங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பின் உரிமம் உள்ள வண்டிதானா, கழிவை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். ஏரியிலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டுகிறவரிடம் மலிவாக வேலை முடித்தால், அந்த நீர் உங்கள் ஊர்க் கிணறுகளுக்கே திரும்பி வரும். யாரை அழைப்பது என்று தெரியாவிட்டால் 14420 என்ற உதவி எண் இருக்கிறது. லாரியை அழைக்கும்போதே "இயந்திரத்தால் மட்டும், ஆள் இறங்கக் கூடாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, வண்டி எண்ணைப் படமெடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். ஆனால் அந்த வரியை அனுப்பிவிட்டு உள்ளே போய் டிவி பார்க்க முடியாது. வேலை முடியும்வரை கூடவே நில்லுங்கள். கண்முன்னே ஒருவர் இறங்குவதைத் தடுக்காமல் இருந்தால் அந்தச் செய்தி உதவாது.

வாடகை வீடானால், லாரியை யார் அழைப்பது, செலவு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. அழைத்துப் பேசியவர் வாடகைதாரர் என்பதற்காக உரிமையாளர் விசாரணையிலிருந்து தப்பிவிட மாட்டார். அடுக்குமாடியில் சங்க நிர்வாகிகள் மீது வழக்கு வரலாம். ஆகவே காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். கசடும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது உறிஞ்ச வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அதற்கு 2 அல்லது 3 வருடம் ஆகும். அப்படிச் செய்தால் கசடு இறுகாது, ஆளை இறக்கும் பேச்சே வராது.

எப்படியோ ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் அவரைத் தூக்க யாரையும் இறக்காதீர்கள். மகன் விழ அப்பா இறங்க, அவரைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்க என்று ஒரே குழியில் பலர் இறக்கும் கொடுமை இப்படித்தான் நேர்கிறது. உடனே 101இல் தீயணைப்புத் துறையை அழைத்து 'செப்டிக் டேங்க், விஷவாயு' என்று தெளிவாகச் சொல்லுங்கள், 108க்கும் அழையுங்கள். எல்லா மூடிகளையும் திறந்துவிடுங்கள். கம்ப்ரஸரோ மின்விசிறியோ இருந்தால் வெளியே தள்ளி வைத்து, குழாய் வழியாகக் காற்றை உள்ளே செலுத்தலாம். அவருக்கு நினைவிருந்தால் கயிற்றில் சுருக்குப் போட்டு வீசுங்கள்.

புதிதாக டேங்க் கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். மேல்தளம் போட்டுச் சில வாரம் மூடிக் கிடந்த புது டேங்கில் மலம் இல்லை, பயமில்லை என்று சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கி இறந்தவர்கள் உண்டு. தேங்கிய நீரும் ஊறிய மரமும் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். பலகை பிரிப்பதற்கு முந்தைய நாளே எல்லாத் திறப்புகளையும் திறந்து, உள்ளே தேங்கிய நீரை மோட்டார் வைத்து இறைத்து, பல மணி நேரம் காற்றூதியால் காற்று செலுத்தச் சொல்லுங்கள். வாயு அளவியில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கொத்தனார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஆளை உள்ளே விடக் கூடாது.