அறிக்கையில் ஒன்றுமில்லை என்றால் என் வலி பொய்யா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 41. சில ஆண்டுகளாக உடல் முழுவதும் வலி இருக்கிறது. காலையில் எழும்போதே கைகால்கள் விறைத்திருக்கின்றன. எவ்வளவு நேரம் தூங்கினாலும் தூங்கியதாகவே தோன்றுவதில்லை. ஒரு நாள் சற்று அதிகமாக வேலை செய்துவிட்டால் அடுத்த சில நாட்கள் படுக்கையிலேயே கழிகின்றன. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் என எதை எடுத்தாலும் எல்லாம் இயல்பாக இருப்பதாகவே அறிக்கை வருகிறது. ஒரு மருத்துவர் இது ஃபைப்ரோமயால்ஜியா என்றார். அடுத்துப் பார்த்தவரோ கோப்பைத் திறக்காமலேயே, "காரணம் தெரியாத வலிக்கெல்லாம் இப்படி ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள், நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் இருந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது மருத்துவரைப் பார்க்கும் நாள் நெருங்கினாலே நெஞ்சு படபடக்கிறது. அழுதால் மனநோய் என்பார்கள், சிரித்துப் பேசினால் வலியே இல்லை என்பார்கள் என்று பயந்து, சொல்ல நினைத்ததில் பாதியை விழுங்கிவிடுகிறேன். "எல்லாம் நார்மல்தானே, பிறகென்ன?" என்று என் கணவரும் கேட்கத் தொடங்கிவிட்டார். எல்லாம் என் கற்பனைதானோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. இனி எந்த மருத்துவரிடமும் போகாமல் இருந்துவிடலாமா? உங்களுக்கு எழுதுவதே, நோய் மனத்தில்தான் இருக்கிறது என்று நான் ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்றும் அஞ்சுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். புற்றுநோயோடும் நீரிழிவோடும் வாழ்பவர்களும் மன ஆலோசனைக்கு வருகிறார்கள். அதனால் அவர்களுடைய நோயைக் கற்பனை என்று எவரும் சொல்வதில்லை. நீங்கள் சுமப்பவை இரண்டு: ஒன்று உடல் வலி, மற்றொன்று அந்த வலி நம்பப்படாததால் வந்த காயம். இரண்டாவதற்காக உதவி கேட்பது முதலாவதைப் பொய்யாக்கிவிடாது.

இயல்பு என்று வரும் அறிக்கை, அந்தப் பரிசோதனை எதைத் தேடியதோ அது இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ஃபைப்ரோமயால்ஜியாவில் மூளையும் தண்டுவடமும் வலியைக் கையாளும் விதம் மாறியிருப்பதாகவே இன்று மருத்துவ உலகம் புரிந்துகொள்கிறது. அது எக்ஸ்ரேயில் தெரியாது, அதை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையும் இல்லை. மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் வாதநோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி 1990இல் வெளியிட்ட வரையறை, உடலின் 18 இடங்களை அழுத்தி, குறைந்தது 11 இடங்களில் வலிக்கிறதா என்று பார்க்கச் சொன்னது; 2010இல் அதை மாற்றி, வலியின் பரவலையும் சோர்வையும் ஓய்வு தராத தூக்கத்தையும் கேட்டறியச் சொன்னது. அதாவது, இந்த நோயில் நீங்கள் சொல்வதுதான் முதன்மையான சான்று. அதைக் கேட்காமல் அனுப்பிவிடுவது நோயறிதலின் அடிப்படையையே விட்டுவிடுவதாகும். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கமும் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று எழுதி வைத்தது.

வலி நீடித்தால் மனம் சோர்வதும், சோர்ந்த மனம் வலியைக் கூட்டுவதும் உண்மைதான், அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது வலி எங்கிருந்து வந்தது என்பதற்கான தீர்ப்பு ஆகாது. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் நரம்பு மண்டலத்தில் வலியைத் தணிக்கவும் பயன்படுகின்றன. நாளை ஒரு மருத்துவர் அப்படியொன்றை எழுதினால், அவரும் உங்களை நம்பவில்லை என்று உடனே முடிவுகட்டிவிடாமல், எதற்காகத் தருகிறார் என்று கேளுங்கள்.

நீங்கள் இப்போது மருத்துவரின் அறைக்குள் குற்றம் சாட்டப்பட்டவரைப் போல, உங்களை நிரூபிக்கவே நுழைகிறீர்கள். இந்தச் சுமையை இறக்கிவைக்க வேண்டும் என்பதே என் முதன்மையான யோசனை. 1984இல் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டது தெரியவந்தது. ஆகவே, நோயின் வரலாற்றை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்காமல், இன்று உங்களுக்கு மிகவும் வேண்டியது எதுவோ அதை முதல் வாக்கியமாக வையுங்கள். வலி தாங்க முடியவில்லை என்பதைவிட, இத்தனை படி ஏற முடியவில்லை, இன்ன வேலையைப் பாதியில் விட்டுவிட்டேன் என்று சொன்னால் கேட்பவருக்குப் பிடிபடும். ஒரே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டால், "இந்தப் பரிசோதனைகள் எந்த நோய்களை விலக்கிவிட்டன, எவற்றை இன்னும் விலக்கவில்லை?" என்று அமைதியாகக் கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். நெடுநாள் வலியில் இருப்பவர் அழுவதில் எந்தக் குறையும் இல்லை.

உங்கள் கணவரை அடுத்த முறை உடன் அழைத்துச் செல்லுங்கள். அறிக்கையை மட்டும் படிப்பவருக்கு உங்கள் காலை நேரம் தெரியாது. நீங்கள் எழுந்து நடக்கப் படும் பாட்டை அவரே மருத்துவரிடம் எடுத்துச் சொல்லட்டும். அவர் சாட்சியாக மாறும்போது அவருடைய கேள்வியும் மாறக்கூடும்.

மருத்துவரிடம் போவதையே நிறுத்துவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். உங்களை அவமதித்த மருத்துவரை விட்டுவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு; நோய்க்குப் பெயர் சொன்ன முதல் மருத்துவரிடமோ, ஒரு வாதநோய் நிபுணரிடமோ தொடர்ந்து செல்லுங்கள். காரணமில்லாத எடைக்குறைவு, விடாத காய்ச்சல், மூட்டு வீக்கம், கைகால் பலவீனம் போன்ற புதிய அறிகுறி எது தோன்றினாலும், பழைய வலிதானே என்று யாரும் அதைத் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள், நீங்களும் தள்ளிவிடாதீர்கள். வாழ்வதே வீண் என்ற எண்ணம் எப்போதாவது தலைதூக்கினால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே ஒரு மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்