பாசஞ்சர் என்னும் வழிப்போக்கர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலக் கடிதம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மழைக்கு மரத்தடியில் ஒதுங்கி நின்றவர்களை அது ‘பாசஞ்சர்கள்’ என்கிறது. ‘பயணிகள்’ என்று எழுதிவிட்டேன். ஆனால் முன்னும் பின்னும் வண்டியோ படகோ தென்படவில்லை. எதையாவது தவறவிட்டேனா? ‘பாசேஜ்’ என்பதிலிருந்து பிறந்த சொல்லுக்குள் ‘என்’ என்ற எழுத்து எப்படி வந்தது என்பதும் விளங்கவில்லை.

அன்புடன்,
மதுரை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அந்த மரத்தடியில் நின்றவர்கள் நடந்து வந்தவர்களாகவே இருக்க வேண்டும்.

இச்சொல்லின் வேர் லத்தீனில் காலடியைக் குறிக்கும் ‘பாஸுஸ்’. அடியெடுத்து வைப்பதிலிருந்து கடந்து போவதைச் சொல்லும் வினை உருவாகி, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ‘பாசஜர்’ என ஆங்கிலத்துக்குள் வந்தபோது, ஒரு வழியே கடந்து செல்பவர் யாராயினும் அப்பெயருக்கு உரியவராக இருந்தார். 1611இல் அச்சான ஆங்கில விவிலியத்தில், நீதிமொழிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், மதியற்ற பெண்ணொருத்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து, தம் பாட்டில் நேரே போய்க்கொண்டிருக்கும் ‘பாசஞ்சர்களை’ உள்ளே அழைக்கிறாள். தெருவில் நடந்து போகிறவர்கள்தாம் அவர்கள். ‘வழிப்போக்கர்’ என்ற நம் சொல் அந்தப் பழைய பொருளுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது: வழியும் இருக்கிறது, போக்கும் இருக்கிறது, ஏறிச்செல்ல எதுவும் இல்லை.

‘என்’ எழுத்துக்கு வேரில் இடமில்லை. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் நாவின் பழக்கத்தால் நுழைந்தது. மெசேஜ் கொண்டுவருபவர் மெசேஜர் ஆகாமல் மெசஞ்சர் ஆனதும் இப்படித்தான். ஜகர ஒலிக்கு முன்னால் ஒரு மூக்கொலி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ‘மஞ்சள்’, ‘பஞ்சு’ என்று சொல்லிப் பழகிய நமக்கு அது உறுத்துவதேயில்லை.

காலால் கடந்தவரைக் குறித்த சொல், தான் அசையாமல் இருக்கப் பிறிதொன்றால் கொண்டுசெல்லப்படுபவரைக் குறிக்கும் சொல்லாக மாறியதுதான் இதன் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது. கப்பலும் குதிரைவண்டியும் தொடங்கிவைத்த இம்மாற்றத்தை ரயில் நிலைநிறுத்தியது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகு நம் பேச்சில் சொல் இன்னும் ஒரு படி நகர்ந்து, ஏறியவரை விட்டு வண்டிக்கே பெயராயிற்று. ‘விழுப்புரம் பாசஞ்சர் போயிடுச்சா?’ என்று என் அம்மா நடைமேடையில் மூச்சிரைக்கக் கேட்டபோது அவர் தேடியது ஒரு மனிதரை அல்ல, எல்லா ஊரிலும் நின்று போகும் அந்த வண்டியை. ஆங்கிலத்திலோ சொல் மனிதரிடமே தங்கி, சற்றுக் கசந்தும் போனது: அணியில் இருந்தும் பங்களிக்காத ஆட்டக்காரரைக் கிரிக்கெட்டில் ‘பாசஞ்சர்’ என்கிறார்கள்.

பழைய பொருள் அழியாமல் தங்கிய இடம் ஒரு பறவையின் பெயர். வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்த ‘பாசஞ்சர் பிஜன்’ யாரையும் சுமக்கவில்லை, கடிதமும் கொண்டுபோகவில்லை. கூட்டம் கூட்டமாக வானத்தைக் கடந்து சென்றதால் அப்பெயர் பெற்றது. வேட்டையாலும் காடழிப்பாலும் குறைந்துகொண்டே வந்து, கடைசிப் பறவையான மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சியகக் கூண்டில் இறந்தது. கடந்து போவதையே பெயராகக் கொண்ட ஓர் இனத்தின் கடைசி உயிர் கம்பிகளுக்குள் முடிந்தது என்பதை என்னால் வருத்தமின்றி எழுத முடியவில்லை. தமிழில் அதைப் ‘பயணிப்புறா’ என்று எழுதுகிறார்கள். ‘வலசைப்புறா’ என்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் வாக்கியத்தை ‘வழிப்போக்கர்கள் மழைக்கு மரத்தடியில் ஒதுங்கினார்கள்’ என்று மாற்றிவிடுங்கள். அதே கடிதத்தில் பின்னால் கப்பல் வருமானால், அதில் ஏறியவர்கள் பயணிகளாகவே இருக்கட்டும்.