வீட்டில் இரண்டு வைஃபை ரூட்டர் இருந்தும், பேசிக்கொண்டே மாடிப்படி ஏறினால் வாட்ஸ்அப் அழைப்பு அறுந்துபோவது ஏன்?

எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. கீழே கூடத்தில் ஒரு ரூட்டர், மாடி அறையில் நான் வாங்கி மாட்டிய இன்னொன்று, நடுவே லேன் கேபிள். அம்மா தினமும் இரவு அக்காவோடு வீடியோவில் பேசிக்கொண்டே, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போவார். பாதிப் படி ஏறியதும் அக்காவின் முகம் அப்படியே உறைந்துவிடும். அம்மா அழைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி போடுவார். பல மாதம் இப்படியே போனது. நெட்வொர்க் வேலையில் இருந்துகொண்டு என் வீட்டுக் கோளாறை அத்தனை நாள் விட்டுவைத்ததில் எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: கீழிருந்து வரும் கேபிள் மாடி ரூட்டரின் எந்தப் போர்ட்டில் இருக்கிறது? வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து இணையம் உள்ளே வருவதற்கான போர்ட்டில் இருந்தால், மாடி ரூட்டர் தனி நெட்வொர்க் ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். கீழே போனுக்கு 192.168.1.5 என்று ஒரு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்), மேலே போனதும் 192.168.0.7 என்று வேறொன்று. ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பு பழைய முகவரியோடு பிணைந்தது. அந்த முகவரி போய்விட்டால் அந்த இணைப்பும் போயிற்று. செயலி புதிய முகவரியில் எல்லாவற்றையும் மறுபடி கோத்தாக வேண்டும். அம்மா பார்த்த உறைந்த முகம் அந்த இடைவெளிதான்.

இதைச் சரிசெய்வது எளிது. மாடி ரூட்டரின் அமைப்புகளில், தனி நெட்வொர்க் நடத்தாமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதன் டி.எச்.சி.பி.யை (போன்களுக்கு ஐபி முகவரி வழங்கும் வசதி) அணைத்து, அதன் சொந்த முகவரி கீழ் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றும் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஓடிப்போய் ரிப்பீட்டர் வாங்காதீர்கள். ஒரே சேனலில் (வைஃபை ஓடும் அலைவரிசைப் பாதை) சிக்னலைப் பெற்று அதே சேனலில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கேபிள் இருக்கும் வீட்டுக்கு அது தேவையே இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினை மிச்சமிருந்தது. அழைப்பு அறவில்லை, ஆனால் மாடியில் குரல் விட்டு விட்டுக் கேட்டது. பார்த்தால், மாடி ரூட்டர் பக்கத்திலேயே நின்றும் போன் கீழ் ரூட்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறோம். செல்போன் நெட்வொர்க்கில் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்பதை, அழைப்பு நடக்கும்போது நெட்வொர்க்தான் முடிவு செய்யும். போன் அளந்து சொல்லும், நெட்வொர்க் உத்தரவிடும். ஓடும் பேருந்தில் அழைப்பு நிலைப்பது அதனால்தான். வைஃபையில் முடிவு போனுடையது. ஆப்பிள் தன் கணக்கை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது: சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாக ஆகப் பலம் குறைவு) கீழே இறங்கும்வரை ஐபோன் வேறு ரூட்டரைத் தேடாது. தேடும்போதும், தரவு ஓடிக்கொண்டிருந்தால் 8 டெசிபெல், சும்மா இருந்தால் 12 டெசிபெல் கூடுதல் பலம் உள்ளதற்குத்தான் தாவும். மற்ற போன்களுக்கும் இப்படி ஏதோ ஒரு எல்லை உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

நான் இரண்டு ரூட்டரிலும் சிக்னல் பலத்தை உச்சத்தில் வைத்திருந்தேன். அதனால் கீழ் ரூட்டரின் சத்தம் மாடிவரை கேட்டது, போனும் திருப்தியாக அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் போனின் ஆன்டெனா சிறியது, அது அனுப்பும் பலமும் குறைவு. கான்கிரீட் தளத்தைத் தாண்டிப் போன் பேசுவது கீழே சரியாக எட்டவில்லை. போனில் சிக்னல் கட்டங்கள் நிறைந்திருந்தும் குரல் உடைவது இப்படித்தான்.

ஆகவே பலத்தைக் குறையுங்கள். கூட்டச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்க மாட்டேன். ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் அனுப்பும். முக்கியமாக 2.4 கிகாஹெர்ட்ஸின் பலத்தை நன்றாகக் குறையுங்கள், தளத்தையும் சுவரையும் அதிகம் துளைப்பது அதுதான். ஆண்ட்ராய்டில் இலவச வைஃபை அளவி ஒன்றை நிறுவி, நடுப்படியில் நின்று பாருங்கள். இரண்டு ரூட்டரும் அங்கே மைனஸ் 65, 67 என்ற அளவில் கேட்க வேண்டும். மாடி அறைக்குள் போனதும் கீழ் ரூட்டர் மைனஸ் 75க்குக் கீழே போய்விட வேண்டும். நான் மாடி ரூட்டரை அறை மூலையிலிருந்து படிக்கட்டின் மேல்முனைக்கு நகர்த்தினேன், பெரிய மாற்றம் அதில்தான் வந்தது. சேனல்கள் வேறு வேறாக இருக்கட்டும்: 2.4இல் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11. 5 கிகாஹெர்ட்ஸில் 36, 149 போதும். நடுவிலுள்ள 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. அங்கே போன் தானாகக் குரல் கொடுத்துத் தேட முடியாமல் காத்திருக்கும், தாவலும் தாமதமாகும்.

802.11கே, வி, ஆர் என்று மூன்று வசதிகள் அமைப்புகளில் தென்படலாம். கே அக்கம்பக்கத்து ரூட்டர்களின் பட்டியலைப் போனுக்குத் தரும். வி 'அங்கே மாறினால் நல்லது' என்று பரிந்துரைக்கும். இரண்டையும் போட்டு வையுங்கள். 2008இல் வந்த ஆர், தாவும்போது போனும் ரூட்டரும் செய்யும் பாதுகாப்புச் சாவிப் பரிமாற்றத்தைச் சுருக்குவது. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயர் உள்ள கல்லூரி, மருத்துவமனை போன்ற இடங்களில் அது பெரிய உதவி. ஒரே கடவுச்சொல் உள்ள வீட்டில் மிச்சமாகும் நேரம் சொற்பம், பழைய பிரின்டர் சில அதனால் இணையாமலும் போகும். வீட்டில் நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

வாசலைத் தாண்டி வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுவது வேறு விஷயம், அங்கே முகவரி மாறியே தீரும். அதையும் தாங்கும் 'மொபைல் ஐபி' என்ற நெறிமுறை 1996லேயே எழுதப்பட்டது, சாதாரணப் போன்களில் அது பரவவில்லை. 2021இல் தரமாக்கப்பட்ட 'குவிக்' என்ற இன்னொரு நெறிமுறை, இணைப்புக்கே தனி அடையாள எண் கொடுப்பதால், முகவரி மாறினாலும் தொடர முடிகிறது.

எல்லாம் முடித்ததும் ஒரு அழைப்பைப் போட்டுவிட்டு, அம்மா நடக்கும் வேகத்தில் ஏறி இறங்கிப் பாருங்கள். ஏறும்போது போன் தாவும் படியும் இறங்கும்போது தாவும் படியும் ஒன்றாக இருக்காது. அது கோளாறு இல்லை. அந்த 8 டெசிபெல் வித்தியாசம்தான் அப்படித் தெரிகிறது.