கனத்த குரல் என்றால் கனத்த உடலா?

பெயர் சொல்லாமல் தொலைபேசியில் மிரட்டுபவரின் குரல் கனமாக இருப்பதால், அவர் உயரமான அந்தப் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். குரலின் கனம் குரல்நாண்களின் (தொண்டையில் அதிர்ந்து குரலை எழுப்பும் மடிப்புகளின்) நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் சுரப்பால் அவை உடல் உயரத்தைச் சாராமல் தனியாக வளர்வதால், வளர்ந்த ஆண்களிடையே குரலுக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது. குரல்நாணிலிருந்து உதடு வரையிலான பாதையின் நீளம் (ஆண்களுக்கு ஏறத்தாழ 17 செ.மீ.) உண்டாக்கும் ஒத்ததிர்வுகள் (அந்தப் பாதையில் வலுப்பெறும் ஒலிகள்) உடல் அளவைக் கணிக்கச் சற்றே நம்பத்தக்கவை என்றாலும், உதட்டைக் குவித்துக் குரல்வளையைக் கீழிறக்கிப் பேசினால், சிறிய உடல்வாகு கொண்டவரும் பெரிய உடல்வாகு கொண்டவர்போல ஒலிக்கலாம். போதாக்குறைக்கு, பழைய வகைத் தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலியைப் பெரும்பாலும் வெட்டிவிடுகின்றன; அதனால் கேட்பது முழுக் குரலும் அல்ல. அழைப்புகளின் நேரத்தையும் எண்ணையும் குறித்துவைத்துக் காவல் துறையில் புகார் அளியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சண்டையிட வேண்டாம்.