லாரி பேக்கரின் கட்டடப் பாணி என்ன? குமரி மாவட்டத்துக்கு அது பொருந்துமா?

1917இல் பர்மிங்காமில் பிறந்து, அங்கேயே கட்டடக்கலை பயின்று, 1945இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்த பேக்கர், இமயமலைப் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்தபின் கேரளத்துக்கு வந்து திருவனந்தபுரத்தில் நிலைகொண்டார். வெற்று அலங்காரத்தை ஒதுக்கியதில் அவர் நவீனத்துவர்தான். கான்கிரீட் மோகம் மட்டும் அவரிடம் இல்லை.

அவர் பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ (rat-trap bond) என்னும் செங்கல் அடுக்கு முறையில், செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இரு வரிசைகளுக்கு நடுவே வெற்றிடம் விடுவதால், ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சமாவதுடன், வெயிலின் சூடும் உள்ளே இறங்கத் தாமதமாகிறது. திருவனந்தபுரம் தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸின் வட்டச் சுவரில், செங்கல் இடைவெளிகளே சன்னல்களாகக் காற்றையும் வெளிச்சத்தையும் தருகின்றன. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய் இறங்கினால் நிலையத்துக்கு அருகிலேயே அதைப் பார்த்துவிடலாம்.

இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்திலும் இப்பாணி பொருந்தும். ஆனால் இப்பாணியின் பூசாத செங்கல் சுவருக்கு நன்கு சுட்ட செங்கல்லும் அகன்ற இறவாரமும் கட்டாயம் வேண்டும்.