கால்பந்து வரலாற்றில் மூன்று கோல் அடித்தவரை விட்டுவிட்டு, ஒரு கோலும் அடிக்காதவரின் பெயரால் அழைக்கப்படும் இறுதிப் போட்டி எது? அது நியாயமா?

இங்கிலாந்தின் 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிதான் அது. பிளாக்பூல் 4, போல்டன் வாண்டரர்ஸ் 3. ஹாட்ரிக் அடித்தவர் ஸ்டான் மோர்டென்சன். ஆனால் ஊர் உலகத்துக்கே அது ‘மேத்யூஸ் இறுதிப் போட்டி’.

நியாயமா என்றால், பாதி நியாயம். பழைய கறுப்பு வெள்ளைப் பதிவை இணையத்தில் அடிக்கடி போட்டுப் பார்க்கிற ஆள் நான். பார்க்கப் பார்க்க, அந்த ஆட்டத்தின் போக்கை மாற்றியது மேத்யூஸோ மோர்டென்சனோ மட்டுமல்ல, போல்டன் வீரர் ஒருவரின் தொடைதான் என்று தோன்றுகிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மே 2, 1953. வெம்பிளியில் ஒரு லட்சம் பேர். அடுத்த மாதம் முடிசூட்டு விழா நடக்கவிருந்த எலிசபெத் ராணியும் வந்திருந்தார். பிளாக்பூல் வீரர் ஸ்டான்லி மேத்யூஸுக்கு அப்போது 38 வயது. வலது விங்கில் (மைதானத்தின் வலது ஓரத்தில்) இங்கிலாந்தே கொண்டாடிய ஆள், ஆனால் கையில் ஒரு கோப்பைப் பதக்கம் கிடையாது. 1948-ல் மான்செஸ்டர் யுனைடெட்டிடமும் 1951-ல் நியூகாசிலிடமும் இதே மைதானத்தில் தோற்றிருந்தார். இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆக, போல்டன் ஊர்க்காரர்களைத் தவிர நாட்டில் முக்கால்வாசிப் பேர் ஆட்டம் தொடங்கும் முன்பே மேத்யூஸ் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பெயர் வந்த கதையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, போல்டனின் நாட் லாஃப்ட்ஹவுஸ் தூரத்திலிருந்து உதைத்த பந்தை பிளாக்பூல் கோல்கீப்பர் ஜார்ஜ் ஃபார்ம் கோட்டைவிட்டார். பிறகு மோர்டென்சன் அடித்த பந்து போல்டனின் ஹாஸல் மீது பட்டுத் திசைமாறி உள்ளே போய் 1-1 ஆனது. (அது ஓன் கோல்தான், ஹாட்ரிக்கில் சேர்க்கக் கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.) இடைவேளைக்கு முன் போல்டனின் மோய்ர் தலையால் தட்டி 2-1. இடைவேளை முடிந்து பத்து நிமிடத்தில் எரிக் பெல் இன்னொன்று. 3-1.

இந்த எரிக் பெல்தான் நான் சொன்ன ஆள். இடது ஹாஃபாக, அதாவது இடப்பக்க நடுக்களத்தில் ஆடியவர். முதல் பாதியிலேயே தொடைத் தசை பிடித்துக்கொண்டது. இன்றைக்கென்றால் பலகையைத் தூக்கிக் காட்டி மாற்று வீரரை இறக்கிவிடுவார்கள். அன்று அந்த விதியே கிடையாது. இங்கிலாந்து லீக்கில் மாற்று வீரரை அனுமதித்ததே 1965-ல்தான். அடிபட்டால் வெளியே போ, இல்லையேல் நொண்டிக்கொண்டே நில். பெல்லை இடது விங்குக்குத் தள்ளினார்கள், சும்மா தொந்தரவுக்கு நிற்கட்டும் என்று. அந்த நொண்டிக் காலோடு எம்பித் தலையால் முட்டி கோல் அடித்தார் மனிதர்! பெயர் வைக்கும் உரிமை என்னிடம் இருந்தால் பெல்லுக்கும் ஒரு பங்கு கொடுத்திருப்பேன்.

ஆனால் அவர் விட்டுவந்த இடத்தைப் பாருங்கள். அங்கே முன்கள வீரரான ஹாஸல் இறங்கி நின்றார். அவருக்குப் பின்னால் இடது பேக் ரால்ஃப் பேங்க்ஸ். ஆட்டம் போகப் போக அவருக்கும் காலில் குரக்களி. அதாவது போல்டனின் இடது பக்கம் முழுக்க ஓட்டை. எதிரே நிற்கும் பிளாக்பூலுக்கு அது வலது பக்கம், மேத்யூஸ் ஆடிய பக்கமும் அதுவேதான்.

அதைச் சட்டென்று கண்டுபிடித்தவர் பிளாக்பூலின் எர்னி டெய்லர். குள்ளமான ஆள், இன்சைட் ரைட், அதாவது வலது விங்கருக்கு உள்பக்கம் ஆடும் முன்கள வீரர். 1951-ல் பிளாக்பூலைத் தோற்கடித்த நியூகாசில் அணியில் இருந்தவர். அவரை எப்படியாவது வாங்குங்கள் என்று மேலாளர் ஜோ ஸ்மித்திடம் சொன்னவரே மேத்யூஸ்தான். (அந்த ஸ்மித், 1923-ல் வெம்பிளியின் முதல் இறுதிப் போட்டியில் போல்டனுக்கே கேப்டனாக நின்று கோப்பை வாங்கியவர். 1953-ல் எதிர் பெஞ்சில்.)

கடைசி இருபது சொச்சம் நிமிடமும் டெய்லர் வேறெதையும் யோசிக்கவில்லை. பந்து கிடைத்தால் வலது பக்கம், மேத்யூஸ் காலுக்கு. 68-வது நிமிடத்தில் மேத்யூஸ் தூக்கிப் போட்ட கிராஸை கோல்கீப்பர் ஹான்சன் தவறவிட, மோர்டென்சன் சறுக்கிக்கொண்டு போய் கம்பத்தில் மோதி உள்ளே தள்ளினார். 3-2. ஆட்டம் முடியும் தறுவாயில் ஃப்ரீ கிக். மோர்டென்சன் ஒரே உதை. ஹான்சன் அசைவதற்குள் பந்து வலையில். 3-3. கூடுதல் நேரம்தான் என்று எல்லோரும் நினைத்தபோது டெய்லர் மறுபடி வலது பக்கம் தள்ளினார். மேத்யூஸ் பேங்க்ஸைத் தாண்டி, கோட்டோரம் வரை போய், கால் வழுக்கும்போதே பின்னோக்கித் தட்டிவிட்டார். இடது விங்கர் பில் பெர்ரி ஓடிவந்து அடித்தார். 4-3.

வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதிகளில் இன்றுவரை ஹாட்ரிக் அடித்த ஒரே ஆள் மோர்டென்சன். போரில் விமான விபத்தில் தலையில் அடிபட்டுப் பிழைத்துவந்தவர் வேறு. பெயர் பறிபோனதைப் பற்றி அவர் புலம்பியதாகத் தெரியவில்லை. மேத்யூஸே அது மோர்டென்சனின் போட்டி என்றுதான் பின்னாளில் சொல்லிவந்தார். 1991-ல் மோர்டென்சன் இறந்தபோது, இதையும் ‘மேத்யூஸ் இறுதிச் சடங்கு’ என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு கசப்பான ஜோக் உலவியது.

1953 நவம்பரில் மேத்யூஸ், மோர்டென்சன், டெய்லர், பிளாக்பூல் கேப்டன் ஹாரி ஜான்ஸ்டன் நால்வரும் இங்கிலாந்து அணிக்காக இதே வெம்பிளியில் இறங்கி, ஹங்கேரியிடம் 6-3 என்று உதைபட்டார்கள். போல்டனுக்கு 1958-ல் கோப்பை கிடைத்தது, லாஃப்ட்ஹவுஸ் இரண்டு கோல். தோற்ற மான்செஸ்டர் யுனைடெட் அணியில் யார் இருந்தார் தெரியுமா? நம்ம எர்னி டெய்லர்!

பதிவு கிடைத்தால் 3-1 ஆனதிலிருந்து பாருங்கள். கேமரா மேத்யூஸ் பின்னாலேயே ஓடும். நீங்கள் டெய்லரையும் பேங்க்ஸையும் கவனியுங்கள்.