மாமியாரின் மார்கழி

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. என் மாமியாருக்கு 71 வயது. மாமனார் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் தவறிவிட்டார். அதிலிருந்து கார்த்திகை தீபம் முடிந்தாலே அத்தை ஒரு மாதிரி ஆகிவிடுகிறார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளறையிலேயே படுத்திருக்கிறார். களி உருண்டையில் பாதிகூட இறங்குவதில்லை. விடிய மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கேட்டால் "குளிரு, முட்டி வலி" என்பார். போன வருடங்களில் பொங்கல் கழிந்ததும் தெளிந்தார். இந்த வருடம் ஐப்பசியிலேயே தொடங்கிவிட்டது. முட்டி வலியோடு கஷ்டப்படுகிறாரே என்று புரட்டாசியில் இரண்டு மாடுகளையும் விற்றுவிட்டோம். போன வாரம், "நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது" என்றார். எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவர் "குளிர் போனா சரியாகிடும்" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, மாமியாரைப் பற்றி மருமகள்கள் எழுதும் கடிதம் இந்தப் பகுதிக்கு நிறைய வரும். அவர் சாப்பிட மாட்டேன் என்கிறாரே என்ற கவலையோடு வருவது குறைவு. நேராகவே சொல்லிவிடுகிறேன், பொங்கல் வரை காத்திருக்காதீர்கள்.

முதலில் அவர் போன வாரம் சொன்ன அந்தப் பேச்சு. வயதானவர்கள் இப்படிச் சொல்வது வழக்கம்தானே என்று நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்த முறை போட்டுக்கொள்ளுங்கள். இன்று சாயங்காலமே பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒருவராவது கேட்டாரே என்று மனசு கொஞ்சம் இறங்குவதுதான் வழக்கம். கிராமத்து வீடு என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பூச்சிமருந்து, களைக்கொல்லி எது இருந்தாலும் பூட்டிவைத்து சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டைகளும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அவர் "ஆமாம்" என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழோடு தெலுங்கு, கன்னடத்திலும் பேசுவார்கள். உங்கள் பக்கத்து வீடுகளுக்கு அதுவும் தேவைப்படும்.

இனி உங்கள் கணவர் சொல்வது. அதில் பாதி சரி. குளிர்காலம் தோறும் வந்து, வெயில் ஏறினால் விலகும் மனச்சோர்வு ஒன்று உண்டு. 1984-இல் அமெரிக்காவில் நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதை விவரித்து எழுதினார்கள். ஆனால் அது பெரும்பாலும் குளிர்காலத்தில் பகல் மிகவும் சுருங்கிவிடும் ஊர்களின் நோய். லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்கூடத் தேறாது. நம் பக்கத்தில் மார்கழியிலும் 11 மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கிறது. வருடத்தின் நீண்ட பகலோடு ஒப்பிட்டால் ஒன்றரை மணி நேரம்தான் குறைவு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் மேட்டு நிலம் என்பதால் பனியும் குளிரும் தர்மபுரியைவிட அதிகம்தான். ஆனாலும் அத்தைக்கு வெளிச்சம் குறைந்ததற்கு உங்கள் உள்ளறைதான் முதல் காரணம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ட்யூப்லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ் இருந்தால் பெரிது. மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். வெளிநாட்டில் இதற்காகவே 10,000 லக்ஸ் விளக்கு வாங்கி அதன் முன்னால் உட்காருகிறார்கள். நமக்குத் திண்ணை இருக்கிறது, காசு செலவில்லை.

அதற்காக விடியற்காலைப் பனியில் வாக்கிங் அனுப்பிவிடாதீர்கள். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், முட்டி வலியோடு இருட்டில் விழவும் வாய்ப்பு அதிகம். பனி விலகி, எட்டரை மணிக்கு மேல் அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ வெளியே உட்கார்ந்தால் போதும். தூக்கம் ஒழுங்குக்கு வர அந்தக் காலை வெளிச்சம் உதவும். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்துவதும் நல்லதே. ஆனால் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது.

சரி, மாடு விஷயம். உங்களைக் குறை சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தான் விற்றீர்கள். ஆனால் அந்த இரண்டு மாடுகளோடு என்னென்ன போயின என்று பாருங்கள். எழுந்திருக்க ஒரு காரணம், சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் நடை, அங்கே நாலு பேரோடு பேச்சு, கையில் நாலு காசு. மாமனார் போன பிறகு அத்தைக்கென்று மிச்சம் இருந்தது அதுதான். இந்த வருடம் ஐப்பசியிலேயே தொடங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. திரும்ப மாடு வாங்கச் சொல்லவில்லை. இரண்டு கோழியோ ஓர் ஆட்டுக்குட்டியோ போதும். அதுவரை அவரைக்காய் சீசன் கைகொடுக்கும். ஒரு முறம் நிறையக் காயைத் திண்ணையில் வைத்து, "அத்தை, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கணும், உரிச்சுக் குடுங்க" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். "சும்மா வெயில்ல உட்காருங்க" என்றால் வர மாட்டார், வேலை என்றால் வருவார். முதல் இரண்டு மூன்று நாள் மறுத்தாலும் விடாதீர்கள். மனம் சோர்ந்தவருக்கு ஆசை வந்து வேலை தொடங்காது, வேலை தொடங்கிய பிறகுதான் ஆசை மெல்ல வரும்.

மாமனார் தவறியது மார்கழியில் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அத்தை அழுவாரே என்று வீட்டில் மாமனார் பேச்சையே எடுக்காமல் இருக்கிறீர்களோ? எடுங்கள். திதியை அத்தை தன் இஷ்டப்படி, தன் கையாலேயே சமைத்துச் செய்யட்டும். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம் நடக்கட்டும். உடம்பையும் பார்த்தாக வேண்டும். குளிர் தாங்காமை, அசதி, மந்தம், மனச்சோர்வு எல்லாம் தைராய்டு குறைந்தாலும் வரும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் சோர்வைத் தரும். ரத்தசோகையையும் பார்க்கச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் இந்தப் பரிசோதனைகளோடு மனநல மருத்துவரையும் பார்த்துவிடலாம். முதியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லவே மாட்டார்கள். வலி, பசியின்மை, தூக்கமின்மை என்றுதான் வரும். அதனால் மூன்று மணி விழிப்பையும், அந்தப் பேச்சையும் நீங்கள்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முட்டிக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தருவதும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உண்டு. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் பயப்பட வேண்டாம், அதற்கு அடிமையாகிவிட மாட்டார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ தலைசுற்றினாலோ உடனே காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கரி நெருப்புச் சட்டியை மூடிய அறையில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். கம்பளி, சாக்ஸ், வெந்நீர் பையே போதும். பையைத் துணியில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும், சர்க்கரை உள்ளவருக்குக் காலில் சூடு சுட்டாலும் தெரியாது. ராத்திரி பின்கட்டுக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். வழியில் ஒரு பல்பு போட்டால் அந்தப் பயம் குறையும்.

ஆஸ்பத்திரிக்கு உங்கள் கணவர் ஒரு நாள் லீவு போட்டு வரட்டும். மருமகள் கூப்பிட்டால் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று தட்டிக்கழிப்பவர்கள், மகன் வண்டியை வாசலில் நிறுத்தினால் ஏறிவிடுவார்கள். நியாயமில்லைதான், ஆனால் இப்போதைக்கு அதைப் பயன்படுத்திக்கொள்வோம். தையில் தெளிந்துவிட்டாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொடரச் சொல்வது வழக்கம். அதே பயணத்தில் கண்ணையும் காட்டிவிடுங்கள். புரை இருந்தால் கண்ணுக்குள் போகும் வெளிச்சமும் குறையும். அறுவை சிகிச்சை வேண்டும் என்றால் அடுத்த ஐப்பசிக்கு முன்பே முடித்துவிடலாம்.